நம் ஊர்ப் பாம்புகளை அறிவோம்

மதுரைக்கும் பாம்புக்கும் பழைய உறவு உண்டு. திருவாலவாய் என்பது நம் நகரின் பழம்பெயர்களுள் ஒன்று. வெள்ளத்தில் எல்லை அழிந்துபோன நகருக்கு, ஒரு பாம்பு தன் வாலை வாயில் கவ்வி வட்டமாகக் கிடந்து எல்லை காட்டியது என்று திருவிளையாடற் புராணம் சொல்கிறது. நகரின் மேற்கே நீண்டு கிடக்கிறதே நாகமலை, அதுவும் மதுரையை அழிக்க வந்த பாம்பு கல்லாகிக் கிடப்பதே என்பது கதை.

கதையில் எல்லை காட்டிய பாம்பு, நம் வீட்டு எல்லைக்குள் வந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? தடியைத் தேடுகிறோம். இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியனாகிய நானும் அதைத்தான் செய்தேன்.

ஒர் அக்டோபர் மாத மழை இரவு. எங்கள் குளியலறைச் சுவரில், சன்னலை ஒட்டி, பழுப்பு நிறத்தில் ஒரு பாம்பு ஏறிக்கொண்டிருந்தது. உடலில் வெளிறிய பட்டைகள். “கட்டுவிரியன்! கட்டுவிரியன்!” என்று பக்கத்து வீட்டுக்காரர் கூவினார். அவர் தடியெடுத்தார். நான் டார்ச் விளக்கைப் பிடித்தேன். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

பிறகு என் மகள் குனிந்து பார்த்தாள். ஏழாம் வகுப்பு படிப்பவள். “அப்பா, கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் கட்டு இருக்காது, வால் பக்கம்தான் தெளிவா இருக்கும்னு படிச்சேனே. இதுக்குக் கழுத்திலேயே பட்டை தொடங்குதே?” என்று கேட்டாள்.

அவள் சொன்னது சரி. நாங்கள் அடித்தது கட்டுவிரியன் அன்று. வெள்ளிக்கோல் வரையன் என்னும் நஞ்சில்லாத பாம்பு. பல்லி பிடிக்கச் சுவரேறிய பிராணி.

அன்று நாங்கள் செய்த தவறு ஒன்றல்ல, இரண்டு. தீங்கு செய்யாத ஒன்றைக் கொன்றது முதல் தவறு. இரண்டாவது தவறு அதைவிடப் பெரிது. அது உண்மையிலேயே கட்டுவிரியனாக இருந்திருந்தால்? வெறுங்காலுடன் இரண்டடி தூரத்தில் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம்! பாம்பு கடித்தவர்களில் பலர், அதை அடிக்கப் போனபோதோ பிடிக்கப் போனபோதோ கடிபட்டவர்களே.

அன்றிலிருந்து நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். பாம்பை அடையாளம் காண்பது அடிப்பதற்காக அன்று; தள்ளி நிற்பதற்காக. அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போமா?

நான்கே நான்கு

இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மனிதனுக்கு ஆபத்தில்லாதவை. நம் நாட்டில் பாம்புக்கடி மரணங்களில் மிகப் பெரும்பகுதிக்குக் காரணமானவை நான்கு இனங்கள். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் இந்த நான்கும் உண்டு.

முதலாவது நல்ல பாம்பு. படமெடுத்தால் அதன் பின்புறத்தில் மூக்குக் கண்ணாடி போன்ற குறி தெரியும். ஆனால் அது எப்போதும் படமெடுத்துக்கொண்டே திரிவதில்லை. அச்சுறுத்தப்படும்போதுதான் கழுத்தெலும்புகளை விரிக்கிறது. மற்ற நேரத்தில் சாரைப் பாம்பைப் போலவே தோன்றும்.

இரண்டாவது கட்டுவிரியன். நீலங்கலந்த கருநிறம், பளபளப்பான உடல். மெல்லிய பால்வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். தலையை அடுத்த பகுதியில் கோடுகள் இருக்காது, அல்லது மங்கியிருக்கும்; வாலை நோக்கிப் போகப்போகத் தெளிவாகும். பகலில் பதுங்கியிருந்து இரவில் நடமாடும்.

மூன்றாவது கண்ணாடி விரியன். தடித்த உடல், முக்கோணத் தலை. முதுகில் சங்கிலி கோத்தது போல மூன்று வரிசைப் புள்ளிகள் ஓடும். ஒவ்வொரு புள்ளியும் முட்டை வடிவில், கரிய விளிம்புடன் இருக்கும். வயலிலும் வரப்பிலும் எலியைத் தேடி வாழ்கிறது. நெருங்கினால் பிரஷர் குக்கர் ஆவி விடுவது போலச் சீறும்.

நான்காவது சுருட்டை விரியன். நம் பக்கத்தில் ஓரடி, ஒன்றரையடிதான் இருக்கும். வறண்ட கரடுகளிலும் கற்குவியல்களிலும் காணலாம். சிறியது என்று அலட்சியம் செய்தவர்கள் பலர் துன்பப்பட்டிருக்கிறார்கள்.

இந்தச் சுருட்டையின் எச்சரிக்கை ஓசையைப் பற்றி ஓர் இயற்பியல் ஆசிரியன் சொல்லாமல் இருக்க முடியாது. அதன் பக்கவாட்டுச் செதில்களில் ரம்பப் பற்கள் போன்ற வரம்புகள் உண்டு. அரைவட்டமாகச் சுருண்டு, உடலின் ஒரு மடிப்பை மற்றொரு மடிப்பின் மீது தேய்க்கிறது. சரசரவென்று ஓசை எழுகிறது. வயலின் வில் நரம்பின் மீது உரசும்போது, பற்றுவதும் வழுக்குவதுமாக மாறிமாறி நடந்து அதிர்வு உண்டாகிறதல்லவா? அதே உராய்வுத் தத்துவம்தான். வாயால் சீறினால் மூச்சோடு ஈரமும் போய்விடும். வறண்ட நிலத்தில் வாழும் பிராணிக்கு இது தண்ணீரை மிச்சப்படுத்தும் வழி என்று விலங்கியலார் சிலர் கருதுகிறார்கள்.

ஆள்மாறாட்டம்

இந்த நான்கையும் போலவே தோன்றும் வேறு பாம்புகள் இருப்பதுதான் சிக்கல். மூன்று ஜோடிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும் ஒரு ஜோடி. வரையனுக்குப் பட்டை கழுத்திலேயே அகலமாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கிப் போகும். கட்டுவிரியனுக்கு இது நேர் எதிர். வரையன் சுவரேறுவதில் கெட்டிக்காரன். கட்டுவிரியன் பெரும்பாலும் தரையோடு தரையாகவே போகும். ஆனால் ஒரு எச்சரிக்கை: கட்டுவிரியன் குட்டிகளுக்குக் கழுத்துப் பக்கத்திலும் வெள்ளைக் குறிகள் இருக்கலாம்.

நல்ல பாம்பும் சாரையும் இரண்டாவது ஜோடி. சாரைக்குப் பெரிய கண்; உதட்டுச் செதில்களுக்கு இடையே கரிய கோடுகள்; மின்னல் வேகம். நல்ல பாம்புக்கு ஜோடி சாரைதான் என்று கிராமத்தில் சொல்வார்கள். அது உண்மையன்று. இரண்டும் வெவ்வேறு இனங்கள். இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து எழும்பி எழும்பி விழுவதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள். நாம் வயல்வெளியில் காணும் அக்காட்சி பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் நடத்தும் மல்யுத்தமே! கடித்துக் கொள்ளாமல், எதிரியின் தலையைக் கீழே அழுத்துவதே அந்தப் போட்டியின் விதி.

மூன்றாவது ஜோடிதான் மிகவும் ஆபத்தானது. கண்ணாடி விரியனும் மண்ணுளிப் பாம்பும். மண்ணுளியில் ஒரு வகைக்கு முதுகில் கரும்பழுப்புத் திட்டுகள் உண்டு. இரண்டும் தடித்தவை, மந்தமாகக் கிடப்பவை. மண்ணுளியின் திட்டுகள் ஒழுங்கற்று ஒன்றோடொன்று கலந்து வளைந்து வளைந்து ஓடும். விரியனின் புள்ளிகள் தனித்தனியாக வரிசைப்படி நிற்கும். விரியனை மண்ணுளி என்றோ மலைப்பாம்புக் குட்டி என்றோ நினைத்துக் கையில் எடுத்தவர்கள் உண்டு. ஆகவே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் கையால் தொடுவதில்லை என்பதே விதி.

நாம் அஞ்சும் வேறு சில பாம்புகள் உண்மையில் அப்பாவிகள். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டுப் புகையைப் பார்க்க மரமேறும் என்பார்கள். அது நஞ்சில்லாதது, தவளையும் ஓணானும் பிடிக்கவே மரமேறுகிறது. கண்கொத்தி எனப்படும் பச்சைப் பாம்புக்குச் சிறிதளவு நஞ்சு உண்டு; ஆனால் அது மனித உயிருக்கு ஆபத்தானதன்று. கண்மாய்த் தண்ணீர்ப் பாம்பு கோபக்காரன், கடிக்கவும் கடிக்கும், நஞ்சு கிடையாது.

முக்கோணத் தலை என்றால் நஞ்சு, கண்மணி பூனைக் கண்போல் நெடுக்காக இருந்தால் நஞ்சு என்று சிலர் பொது விதி சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணமன்று, கண்மணி வட்டமானது. மண்ணுளிக்கு நஞ்சில்லை, ஆனால் கண்மணி நெடுக்கானது. குறுக்குவழி விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு பாம்பையும் தனித்தனியாகத்தான் அறிய வேண்டும்.

காதில்லாமல் கேட்பது எப்படி?

பாம்புக்கு வெளிக்காது இல்லை, செவிப்பறையும் இல்லை. அப்படியானால் அது செவிடா? ஒரு சோதனை செய்து பாருங்கள். நீண்ட மர மேசையின் ஒரு முனையில் உங்கள் நண்பர் விரல் நகத்தால் மெல்லக் கீறட்டும். மறுமுனையில் நீங்கள் இரண்டு காதையும் பொத்திக்கொள்ளுங்கள். ஓசை சரியாகக் கேட்காது. இப்போது காதைப் பொத்தியபடியே தாடையை மேசை மீது வையுங்கள். கீறும் ஓசை தெளிவாகக் கேட்கிறதா? காற்றின் வழி வராத ஒலி, மரத்தின் வழியாகவும் உங்கள் எலும்பின் வழியாகவும் உட்காதை அடைந்துவிட்டது.

பாம்பு கேட்பதும் பெரும்பாலும் இப்படித்தான். தரையில் படிந்த கீழ்த்தாடை அதிர்வை வாங்கி, ஒரு சிற்றெலும்பின் வழியே உட்காதுக்கு அனுப்புகிறது. காற்றில் வரும் ஒலியையும் ஓரளவு உணர்கிறது. ஆனால் அதிர்வெண் குறைந்த, தாழ்ந்த ஒலிகளை மட்டுமே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 19 பாம்புகளிடம் ஒலிபெருக்கி வைத்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியாகி இதை உறுதிப்படுத்தியது. அப்படியானால் மகுடிக்கு ஆடுவது? அந்த ஆட்டம் இசைக்கானதன்று. அசையும் மகுடியின் மீதும் பாம்பாட்டியின் கையின் மீதும் கண் வைத்துப் பாம்பு தன்னைக் காத்துக்கொள்கிறது.

இதிலிருந்து நமக்கு ஒரு பயன் உண்டு. இரவில் வரப்பில் நடக்கும்போது கம்பைத் தரையில் தட்டிக்கொண்டு, அடியை அழுத்தி வையுங்கள். அதிர்வை உணர்ந்து சாரையும் நல்ல பாம்பும் விலகிவிடும். ஆனால் கண்ணாடி விரியன் விலகாமல் அசையாது கிடப்பதும் உண்டு. சருகோடு சருகாக மறைவதுதான் அதன் உத்தி. ஆகவே கம்போடு டார்ச் விளக்கும் வேண்டும். காலில் செருப்பும் வேண்டும்.

நாக்கை நீட்டுவதும் தாக்குவதற்காக அன்று. காற்றிலுள்ள மணத்துகள்களைப் பிளவுபட்ட நாக்கால் சேகரித்து, மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பில் சேர்த்து அது முகர்கிறது. நாக்கின் இரு நுனிகளிலும் எதில் மணம் கூடுதலோ அந்தப் பக்கம் இரை இருக்கிறது என்று பொருள்.

வீட்டுக்குள் ஏன் வருகிறது?

பழிவாங்க வருவதில்லை. நம் உடல், உண்ணும் உணவில் பெரும்பகுதியை வெப்பமாக எரித்து ஒரே வெப்பநிலையில் நிற்கிறது. பாம்போ வெப்பத்தை வெளியிலிருந்து பெறுகிறது. வெயிலில் காய்ந்து உடலைச் சூடேற்றும். சூடு மிகுந்தால் நிழலுக்குள் போகும். அதனால் அதற்கு மிகக் குறைந்த உணவே போதும். அந்தக் குறைந்த உணவு எங்கே கிடைக்கிறதோ அங்கே அது வரும். நெல் மூட்டை இருந்தால் எலி வரும். எலி வந்தால் நல்ல பாம்பு வரும். விளக்கடியில் பூச்சி வந்தால் பல்லி வரும். பல்லி வந்தால் வரையன் வரும். வரையனைத் தின்னக் கட்டுவிரியனும் வரும். ஆம், கட்டுவிரியனுக்கு மற்ற பாம்புகளும் உணவே.

மழைக்காலத்தில் வளைகளில் நீர் நிரம்பிவிடும். அப்போது உலர்ந்த இடம் தேடியும் வரும். வீட்டோரம் செங்கல், விறகு, ஓலை ஆகியவற்றைக் குவித்து வைப்பது பாம்புக்கு நாமே விடுதி கட்டித் தருவது போன்றது.

கட்டுவிரியனின் கடி இங்கேதான் நிகழ்கிறது. தரையில் பாய் விரித்து உறங்குபவர் புரண்டு படுக்கும்போது அருகே கிடக்கும் பாம்பு கடிக்கிறது. அதன் பற்கள் சிறியவை. வலி பெரும்பாலும் இருக்காது, வீக்கமும் இருக்காது. எறும்பு கடித்தது என்று நினைத்துத் திரும்பவும் உறங்கிவிடுபவர்கள் உண்டு. விடியற்காலையில் காரணம் தெரியாத வயிற்றுவலி, இமை தொங்குதல், விழுங்க முடியாமை இவை தோன்றினால், பல் தடம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொசுவலையைக் கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட்டுப் படுத்தால் கொசுவோடு கட்டுவிரியனும் வெளியே நிற்கும்.

கடித்துவிட்டால்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். ஒரு நாளைக்கு 160 பேர் என்று வகுத்துப் பாருங்கள்! இறந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். உங்கள் வயதினர். இவர்களில் பலர் காலத்தோடு மருத்துவமனைக்கு வந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள்.

அந்தக் காலம் எங்கே வீணாகிறது? கயிற்றால் இறுக்கிக் கட்டுவதில், கீறுவதில், வாயால் உறிஞ்சுவதில், மந்திரிப்பவரிடம் போவதில். கயிறு இறுகினால் இரத்த ஓட்டம் நின்று கையோ காலோ அழுகலாம். கீறினால், ஏற்கெனவே உறையாத இரத்தம் மேலும் பெருகும். “மந்திரித்துப் பிழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேனே” என்று உங்கள் தாத்தா சொல்லலாம். அவர் பொய் சொல்லவில்லை. கடித்தவற்றில் பல நஞ்சில்லாப் பாம்புகள். நச்சுப்பாம்பும் சில வேளை நஞ்சைச் செலுத்தாமல் கடிக்கும். அவர்கள் மந்திரிக்காவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். மந்திரத்தைச் சோதிக்க, பிழைத்தவர்களை மட்டுமன்று, இறந்தவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். அறிவியலின் முதல் பாடமே அதுதான்.

சரியான முறை எளியது. கடிபட்டவரை அமைதிப்படுத்துங்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் செய்வது போலக் கையையோ காலையோ சிம்பு வைத்து அசையாமல் கட்டுங்கள், இறுக்க வேண்டாம். நடக்க விடாமல், 108 வண்டியிலோ கிடைத்த வண்டியிலோ நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டுமா? வேண்டாம். இதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. நம் நாட்டில் தரப்படும் நஞ்சுமுறி மருந்து, மேலே சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்தே செய்யப்பட்டது. மருத்துவருக்குப் பாம்பின் பெயரைவிட உடலின் அறிகுறிகளே முக்கியம். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும். இமை தொங்கும், மூச்சு தளரும். விரியன்கள் இரண்டும் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். இதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சிறிது இரத்தத்தை எடுத்துச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசையாமல் வைக்கிறார்கள். பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு கடிகாரமும் போதும்!

பாம்பே தரும் மருந்து

இந்த மருந்து எங்கிருந்து வருகிறது? பாம்பிடமிருந்துதான். பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெட் 1890களில் இதற்கு வழி கண்டார். நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தினால், அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. அதைப் பிரித்துச் சுத்திகரித்தால் நஞ்சுமுறி மருந்து.

அதற்கு நஞ்சு வேண்டுமே? தமிழ்நாட்டில் அதைத் தருபவர்கள் இருளர்கள். முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்துத் தோல் வாணிகம் நின்றது. பாம்பைக் கொன்று பிழைத்த கைத்திறனைப் பாம்பைக் கொல்லாமல் பயன்படுத்த முடியாதா என்ற கேள்வி எழுந்தது. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையுடன் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நான்கு வகைப் பாம்புகளையும் பிடித்து, சில வாரம் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் வெளியில் விட்டுவிடுகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளிக்கூடம் தராத அறிவை அவர்கள் புதர்களிலும் வரப்புகளிலும் கற்றவர்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, ஒவ்வொரு பாம்புக்கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்தது. எண்ணிப் பார்த்தால்தான் மருந்து எங்கே எவ்வளவு தேவை என்று தெரியும்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ பாம்பு வந்தால் பத்தடி தள்ளி நில்லுங்கள். குழந்தைகளை விலக்குங்கள். அது எங்கே போகிறது என்று தூரத்திலிருந்து ஒருவர் மட்டும் கவனிக்கட்டும். தீயணைப்பு மீட்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்தில், கட்டுகள் எங்கே தொடங்குகின்றன, புள்ளிகள் தனித்தனியா கலந்தவையா என்று பாருங்கள். வீட்டுக்குப் போய் நோட்டில் வரைந்து வையுங்கள்.

என் மகளின் நோட்டில் இப்போது ஐந்து படங்கள் இருக்கின்றன. முதல் படம் அன்று குளியலறையில் இறந்த வரையனுடையது. மற்ற நான்கும் உயிரோடு போய்விட்ட பாம்புகளுடையவை.